நொத்தாரிசின் மான் கத்தி

போன கிழமை ஒரு இடுப்புப் பட்டி வாங்கினேன். அசல் தோல் என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். நான் அவனை நம்பாமல் கடையிலேயே மூக்கருகில் பிடித்து முகர்ந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் முகர்ந்தேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "உந்தப் பட்டியை இடுப்பில கட்டப்போறியளோ, சாப்பிடப்போறியளோ?" என்று கேட்டாள்.

நான் இன்னொரு தரம் முகர்ந்தேன். எண்ணெய் போட்ட புதுத் தோலின் மணம் வந்தால் எனக்கு ஒரு கத்தி உறை ஞாபகம் வரும். உறை வந்தால் அதன் பின்னால் தொத்தோரே வருவார். அவர் வந்தால் மொட்டைமாடியில் கிடந்த செத்த செம்மறியும் வரும். பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் மனைவிக்கு எப்படி விளக்குவது? உங்களுக்கென்றால் ஆறுதலாகச் சொல்லலாம்.

தொத்தோரே என்றதும் வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். பலெர்மோவுக்கு வந்த புதிதில் நானும் அப்படி நினைத்து, அவரிடம் என் முதுகு வலியைச் சொன்னேன். இத்தாலியில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த எல்லோரும் தொத்தோரேதான். இவர் நொத்தாரிசு, அதாவது காணி உறுதி, பத்திரம் எழுதி முடிப்பவர். வீடு விற்பவனும் வாங்குபவனும், செத்த தகப்பனின் காணிக்கு அடிபடும் பிள்ளைகளும் அவருடைய காரியாலயத்தில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். காலையில் பேனாவின் மூடியைத் திறந்தாரென்றால் பின்னேரம் வரை கையெழுத்துத்தான். அந்த நகரத்தில் அவருடைய கையெழுத்துக் கிடைக்காத ஒரே ஆள், அவர் வீட்டுச் சின்ன அறையில் படுத்தெழும்பி, அவருடைய சப்பாத்தைத் துடைத்து, அவருக்கு உப்பில்லாத சூப் காய்ச்சிக் கொடுத்த நான்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் அரசாங்கம் மனமிரங்கி, விசா இல்லாமல் நின்ற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. வேலை தருபவர், 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அதைக் குறித்த நாளுக்கு முன் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், கொடுத்தால் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைக்கும். பெர்மெஸ்ஸோ இருந்தால் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். அது இல்லாமல் நான் நாலு வருடம் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டியிருக்கிறேன். நாடா இல்லாத சப்பாத்துப் போட்ட நாட்களிலும் கட்டியிருக்கிறேன். ஒரேத்தோத் தெருவில் ஓர் அறையில் இருந்த என் கூட்டாளிகளுக்கு ஒவ்வொருவராகக் கையெழுத்துக் கிடைத்துக்கொண்டிருந்தது. தொத்தோரே மட்டும், "பார்ப்போம், சால்வோ, பார்ப்போம்" என்றார். என்னுடைய பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே எனக்குச் சால்வோ என்று பெயர் வைத்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மான் வந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் விருந்து. சிஞ்ஞோராவின், அதாவது தொத்தோரேயின் மனைவியின், ஒன்றுவிட்ட அண்ணர், தொஸ்கானாவில் பெரிய காடு வைத்திருக்கும் ஒரு பணக்காரரைக் கூட்டிவந்திருந்தார். அந்தப் பணக்காரர் சிசிலியில் காணி வாங்கும் யோசனையில் இருந்தார். பெரிய காணி என்றால் பெரிய உறுதி, பெரிய உறுதி என்றால் நொத்தாரிசுக்கு நல்ல காலம். கதை வேட்டைப் பக்கம் திரும்பியது. காடையும் முயலும் தவிர வேறொன்றையும் சுட்டறியாத தொத்தோரே, நான் இரண்டாம் தட்டை வைத்துக்கொண்டிருக்கும்போது, சின்ன வயதில் பாட்டனாரோடு மலையில் மான் வேட்டையாடி, சுட்ட இடத்திலேயே தன் கையால் வயிறு திறந்து சுத்தம் செய்ததாகச் சொன்னார். பணக்காரருக்கு நல்ல சந்தோசம். தன் காட்டிலும் அதுதான் சட்டம் என்றார். யார் சுட்டாரோ அவரே திறக்கவேண்டும், வேலைக்காரன் கைவைக்கக் கூடாது. அடுத்த மாதம் வாருங்கள் என்று தோளில் தட்டினார். தொத்தோரேயின் முகம் என்னுடைய சூப்பின் நிறத்துக்கு வந்தது.

அடுத்த நாள் காலை கோப்பி கொடுக்கும்போது, உங்கள் சிலோனில் மான் உண்டா என்று என்னைக் கேட்டார். உண்டு என்றேன். அது உண்மை. நீ மான் திறந்திருக்கிறாயா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். கையெழுத்து வேண்டியவனுக்கு வேறென்ன வாயில் வரும்? யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க்கு மேல் ஒன்றும் வெட்டியதில்லை. நான் நெருக்கத்தில் கண்ட ஒரே மான், கலண்டரில் வள்ளிக்குப் பக்கத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது.

முதலில் கத்தி. பொலித்தேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட ஒரு வேட்டைத் துவக்குக் கடை இருந்தது. கடைக்காரர் வெல்வெட் துணியை விரித்து அதன்மேல் ஒவ்வொரு கத்தியாக, பிறந்த பிள்ளையை வைப்பதுபோல வைத்தார். மான்கொம்புப் பிடி போட்டது ஒன்று. குடலைக் கொளுவி இழுக்க முதுகில் கொக்கி வைத்தது ஒன்று. அலகில் அலையலையாகக் கோடு ஓடியது ஒன்று. தொத்தோரே கொம்புப் பிடியைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு விலையைக் கேட்டார். கத்தி தானாகவே துணிக்குத் திரும்பிப் போய்விட்டது. சொத்துக்குக் குறைவில்லாத மனிசன். ஆனால் காட்டில் இரத்தம் பட்டு அழுக்காகப் போகிற சாமானுக்கு இவ்வளவு காசா என்பது அவருடைய கேள்வி. மலிவாக இருக்கவேண்டும், ஆனால் மலிவென்று தெரியக்கூடாது என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

நிபுணன் நான் அல்லவா, என்னிடம் யோசனை கேட்டார். மான் பெரிய மிருகம், ஆகவே பெரிய கத்தி என்று நான் கணக்குப் போட்டேன். போர்கோ வெக்கியோச் சந்தையில் பற்றரி, சவரக் கத்தி விற்கும் ஒருவனிடம் என் முழங்கை நீளத்தில் ஒன்று கிடந்தது. முதுகில் வாள்போலப் பல். பிடியின் அடியைத் திருகித் திறந்தால் உள்ளே திசைகாட்டி, தூண்டில் நூல், மூன்று நெருப்புக் குச்சி. கொம்புப் பிடியின் விலையில் பத்தில் ஒரு பங்கு வராது. தொத்தோரே திசைகாட்டியைக் கண்டதும் வழி தவறினாலும் பயமில்லை என்று வாங்கிவிட்டார்.

ஒத்திகை பார்க்கவேண்டும் என்றும் அவரே சொன்னார். மலைப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் அவருக்கு ரிக்கோத்தாப் பாற்கட்டி, முயல் என்று கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். ஓர் இடையனிடம் சொல்லி, வயிறு திறக்காத ஒரு செம்மறியை எடுப்பித்தார். சிஞ்ஞோரா மொன்தெல்லோவில் தமக்கை வீட்டுக்குப் போன பின்னேரம், உடுப்புக் காயப்போடும் மொட்டைமாடியில் அதைக் கிடத்தினோம். தொத்தோரே பச்சைக் கோட்டும் இறகு குத்திய தொப்பியும் போட்டு வந்து நின்றார். நான் பிளாத்திக்கு ஏப்ரன் கட்டியிருந்தேன்.

"எங்கே வெட்டவேண்டும்?" என்று கேட்டார்.

வயிற்றில் என்றேன். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நல்லாய் அழுத்துங்கோ என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருப்பீர்கள். குத்தியது வயிற்றுச் சுவரோடு நிற்கவில்லை, உள்ளே இரைப்பைக்கும் போய்விட்டது, அவ்வளவுதான். கீழ் மாடியிலிருந்து ஒரு கிழவர் மலகூடக் குழாய் வெடித்துவிட்டதா என்று கூப்பிட்டுக் கேட்டார். தொத்தோரே இறகுத் தொப்பியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் நாலு வாளி தண்ணீரும் இரண்டு போத்தல் வினாகிரியும் ஊற்றிக் கழுவினேன். இரவு சிஞ்ஞோரா வந்து வாசலில் நின்றபடியே, இது என்ன மணம் சால்வோ என்று கேட்டார். எங்கள் நாட்டுக் கறி ஒன்று சமைத்தேன் என்றேன். அவர் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. நாலு வருடத்தில் நான் சொன்னதில் அவர் உடனே நம்பியது அது ஒன்றைத்தான்.

தொத்தோரே என்னைத் திட்டவில்லை. திட்டினால், தனக்கும் தெரியாது என்பது வெளியில் வந்துவிடும். உங்கள் நாட்டு மானின் வயிறு வேறு மாதிரி இருக்கும்போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். படிவத்தைப் பற்றிக் கேட்டதற்கு, வேட்டை முடியட்டும் என்றார். வேட்டை, குவெஸ்தூரா குறித்த கடைசி நாளுக்கு ஒரு கிழமைக்குப் பின்னால் இருந்தது. அதைச் சொன்னேன். தெரியும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு லீவு. அன்றைக்கு நான் நேரே போர்கோ வெக்கியோவுக்கு ரீற்றா அக்காவிடம் போனேன். அவர் மன்னாரிலிருந்து வந்தவர். ஒரு வயதுபோன இத்தாலிய அம்மாவைப் பார்க்கும் வேலை. புருசனும் இரண்டு பிள்ளைகளும் இந்தியாவில் அகதி முகாமில். ஊருக்குப் போன் எடுக்கும் ஒரே வரிசையில் நின்று பழக்கமானோம். யாருக்கு என்ன கரைச்சல் வந்தாலும் அந்த அம்மா வீட்டில் அவருக்கிருந்த ஒற்றை அறையில் போய்க் கதிரையில் குந்துவது எங்கள் வழக்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரக்கறி அரிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் மான் உரிச்சனீரோ?"

"இல்லை அக்கா."

"கண்டனீரோ?"

"கலண்டரில."

அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் காட்டச் சொன்னார். நான் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டது. பிடியைத் திருகி, நெருப்புக் குச்சியைப் பார்த்துவிட்டு மூடினார்.

"இதாலை தேங்காய் உடைக்கலாம்."

அக்காவின் புருசன் மடுக் காட்டுப் பக்கம் வேட்டைக்குப் போகிறவராம். சுடுவதோடு அவருடைய வேலை முடிந்துவிடும். துவக்கை மரத்தில் சாய்த்துவிட்டுப் படுத்துவிடுவார். மிச்சமெல்லாம் அக்காதான். "சுடுறதுக்கு ஒரு விரல் காணும்" என்றார். "மிச்சத்துக்குத்தான் ஆள் வேணும்."

அன்றைக்கே என்னைக் கபோச் சந்தைக்குக் கூட்டிப் போனார். சந்தைக்குப் பின்னால் ஆணி, பூட்டு, சங்கிலி விற்கும் ஒரு இருட்டுக் கடை. அங்கே இறைச்சிக் கடைக்காரர் தோல் உரிக்கப் பாவிக்கும் கத்திகள் ஒரு தகரப் பேணியில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. அக்கா ஒவ்வொன்றாக எடுத்தார். அலகின் நீளம் தன் நாலு விரல் அகலத்தைத் தாண்டினால் திரும்பப் போட்டார். நீளமென்றால் நுனி எங்கே போகிறதென்று கைக்குத் தெரியாதாம். மடக்குக் கத்தி ஒன்றைக் கடைக்காரர் நீட்ட, மடிப்புக்குள் கொழுப்புப் போனால் ஆர் கழுவுறது என்று என்னிடம் தமிழில் கேட்டார். மினுக்கின பிடியும் வேண்டாம், இரத்தம் பட்டால் வழுக்கும் என்றார். கடைசியில் மிஞ்சியது ஒரு கறுத்த அலகு. நுனி லேசாகக் கீழே இறங்கியிருந்தது. சொரசொரப்பான மரப் பிடி. அலகைப் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். வழுக்காமல் பிடித்தது. விலை, அந்தக் கொம்புப் பிடியைச் சுற்றித் தருகிற துணிக்குக்கூடக் காணாது.

ஆனால் தொத்தோரே இதைத் தொஸ்கானாப் பணக்காரர் முன்னால் எடுப்பாரா? அதற்கும் அக்கா வழி சொன்னார். செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தடித்த தோலில் உறை ஒன்று தைப்பித்தோம். நான் அதற்கு ஒலிவ் எண்ணெய் தடவி, கோப்பி மண்டி தேய்த்து, நாலு நாள் என் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். ஐந்தாம் நாள் அது ஒரு பாட்டனாரின் உறையாகிவிட்டது. தொத்தோரே அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். கண்ணில் ஈரம் தெரிந்தது. தான் சொன்ன பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் மனிதனுக்கு அப்படித்தான் இருக்கும்போல.

கத்தியை மட்டும் அக்கா தரவில்லை. தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் வந்தது. சனிக்கிழமை கடைசி நாள். மொட்டைமாடியில் இந்த முறை ஒரு வெள்ளாடு. அக்கா பூசைக்குப் போகும் சாம்பல் நிறக் கோட்டோடு வந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தார். எங்கள் நாட்டில் வேட்டைக் குடும்பத்துப் பெண் என்று அறிமுகம் செய்தேன். நான் அந்த வீட்டில் சொன்ன முழு உண்மை அதுதான். ஒரு பெண்ணா என்பதுபோலத் தொத்தோரே என்னைப் பார்த்தார். பிறகு, எங்கே அந்தக் கத்தி என்று அவரிடம் கேட்டார்.

"பிரீமா லா ஃபீர்மா, தொத்தோரே" என்றார் அக்கா. முதலில் கையெழுத்து.

இந்த வீட்டில் என் வேலையும் போய், படுக்கையும் போய், இன்றைக்கே ஒரேத்தோவுக்கு மூட்டையோடு நடக்கப்போகிறேன் என்று நினைத்தேன். தொத்தோரே கோபப்படவில்லை. சிரித்தார். தன் வாக்கு இருக்கிறது, வேட்டை முடிந்து வந்ததும் முதல் வேலை அதுதான் என்றார். அக்கா ஒரு வேலைக்காரியின் இத்தாலியனில், ஒரு பிழையும் இல்லாத மரியாதையோடு கேட்டார்: உங்கள் காரியாலயத்துக்கு ஒருவன் வந்து, என் வாக்கு இருக்கிறது, வீட்டை என் பெயருக்கு மாற்றுங்கள் என்றால் மாற்றிக் கொடுப்பீர்களா?

மாடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் காற்றில் அடித்தன. தொத்தோரே ஆட்டைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். உள்ளே போனார். பொலிசுக்குப் போன் எடுக்கப் போகிறார் என்று நான் படியைப் பார்த்தேன். அவர் பேனாவோடு வந்தார். என் கோட்டுப் பையில் ஆறு கிழமையாக மடிந்து கிடந்த படிவத்தைத் தொட்டியின் விளிம்பில் விரித்தோம். கையெழுத்து வைத்தார். பழக்க தோசத்தில் சட்டைப் பையில் முத்திரையைத் தேடினார். அதற்கு முத்திரை தேவையில்லை என்று அக்கா சொன்னார். படிவத்தில் என்னுடைய முழுப் பெயரையும் அன்றுதான் வாசித்தார். இரண்டு தரம் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு அக்கா கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார்.

அதை நான் மறக்கமாட்டேன். ஆட்டை மல்லாத்தி, தலைப் பக்கம் உயரும்படி கீழே ஒரு பலகை வைத்தார். தொத்தோரேயின் இடது கை விரல்களில் இரண்டைப் பிடித்து, தோலுக்கும் உள்வயிற்றுக்கும் நடுவில் விட்டு அகட்ட வைத்தார். அந்த இரண்டு விரலுக்கும் இடையில் கத்தியின் கூர் மேலே பார்க்க ஓடியது. அழுத்தவே இல்லை. துணி தைப்பவர் தையலைப் பிரிப்பதுபோலத் தோல் திறந்தது. பின்பக்கத்தைச் சுற்றி வெட்டி நூலால் கட்டினார். உள்ளே கையை விட்டுத் தொண்டைக் குழாயைப் பிடிக்கச் சொன்னார். தொத்தோரே கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். எல்லாம் ஒரே மூட்டையாக, ஒன்றும் உடையாமல், வெளியே வந்தது. ஒரு மணமும் இல்லை. தண்ணீர் ஊற்ற வாளியோடு ஓடிய என்னை, "தண்ணி படக்கூடாது தம்பி, துணியால துடையும்" என்று மறித்தார். தொத்தோரே முழங்கை வரை சிவப்பாக நின்று, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வருடத்தில் அந்த மனிசன் தன் கையால் செய்த முதல் வேலை அது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிய நாலு மணியிலிருந்து குவெஸ்தூரா வாசலில் நின்று படிவத்தைக் கொடுத்தேன். ஒரு துண்டுக் கடதாசி தந்தார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு பொலிஸ்காரரிடம் போய் நேரம் கேட்டேன். என் கையில் மணிக்கூடு இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, பத்தேகால் என்றார்.

தொத்தோரே தொஸ்கானாவுக்குப் போய் வந்தார். அங்கே வந்த கனவான்கள் எல்லோரிடமும் கொம்புப் பிடி இருந்ததாம். ஒருவர் குடலை வெட்டிவிட்டாராம், ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாராம். இவர் மட்டும் கறுத்த கத்தியை எடுத்து, பேசாமல் குனிந்து, ஒரு துளி சிந்தாமல் திறந்தாராம். சிஞ்ஞோராவின் அண்ணரும் அப்படியே சொன்னபடியால் நம்பத்தான் வேண்டும். காணி உறுதியும் அவரிடம்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விருந்திலும், எல்லாம் பாட்டனார் பழக்கியது என்று சொல்லிக்கொண்டு கத்தியைச் சுற்றுக்கு விட்டார். நான் இரண்டாம் தட்டை வைத்தபடி கேட்டுக்கொண்டு நிற்பேன். மனதுக்குள் சிரிப்பேன்.

சிரிக்க எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது கேட்கிறேன். ஏனென்றால் நானும் அதே காலத்தில் ஒரேத்தோவில், பிறந்தநாள், சாமத்திய வீடு என்று நாலு சனம் கூடும் இடமெல்லாம் என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் மொட்டைமாடியில் கத்தியோடு நிற்பவன் நான். "முதல் கையெழுத்து, பிறகு கத்தி" என்று ஒரு நொத்தாரிசின் முகத்துக்கு நேரே சொல்பவனும் நான். ரீற்றா அக்கா அதில் எந்த மூலையிலும் இல்லை. தொடக்கத்தில் ஒரு வசதிக்காக விட்டேன். பிறகு கதை அப்படியே இறுகிவிட்டது. துணிஞ்ச பெடியன் என்று பெயர் எடுத்தேன். அந்தக் கதையை ஒரு கலியாண வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஒருவர் தன் தங்கச்சியை எனக்குப் பேசினார். குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பவள் அவள்தான். அவளுக்கு இன்று வரைக்கும் அந்தக் கதைதான் தெரியும்.

ஒரு தரம், யாரோ ஒருவரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான் கைகளை அகட்டிப் பிடித்துக் கதையின் உச்சத்தில் நின்றபோது, வட்டத்துக்கு வெளியே ரீற்றா அக்கா சாப்பாட்டுத் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன். அகட்டிய கைகளைக் கீழே விட்டேன். எல்லோரும் மிச்சத்துக்குக் காத்திருந்தார்கள்.

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் அக்கா. "கெதியா முடியும், சாப்பாடு ஆறுது."

நான் முடித்தேன். சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு தட்டை வைத்துவிட்டு, கிழவியம்மாவுக்கு மருந்து கொடுக்க நேரமாகிறது என்று போய்விட்டார். அடுத்த வியாழன் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த வியாழன் ஏதோ வேலை வந்தது. அதற்கடுத்த வியாழனும். கிழவியம்மா செத்ததும் அக்காவுக்கு அந்த அறை இல்லாமல் போனது. கனடாவுக்குப் போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள், பிள்ளைகளிடம் இந்தியாவுக்குப் போனார் என்று வேறு சிலர். எல்லோரும் அவரிடம் போய்க் குந்தியிருந்தோம். அவர் எங்கே போனார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

துவக்குக் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். தொத்தோரேயும் சிஞ்ஞோராவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் மாடியில் உல்லாசப் பயணிகள் சாய்வுக் கதிரை போட்டு வெயில் காய்கிறார்கள். வியாழன் பின்னேரங்களில் தெரு முழுக்கக் கேட்ட தமிழும் இல்லை. பாதிப் பேர் லண்டனுக்கும் கனடாவுக்கும் ஏறிவிட்டார்கள்.

பட்டி வாங்கி இரண்டு நாள் கழித்து, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் போர்கோ வெக்கியோவுக்குப் போனேன். அந்த வீட்டு மணியை அடித்தேன். ஒரு இளம் பெண் மேல்மாடி யன்னலைத் திறந்தாள். முந்தி இங்கே வேலை செய்த ரீற்றாவைத் தேடுகிறேன் என்றேன். இந்தத் தெருவில் மட்டும் ரீற்றா என்று நாலு பேர் இருக்கிறார்கள், எந்த ரீற்றா, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.